மின்கலமும் சூரியத் தகடும் ஆராயப் பணம் எங்கே கிடைக்கும்? இளம் ஆய்வாளர்கள் கேட்கும் கேள்விகள்

கல்லூரி ஆய்வுப் பிரிவில் உட்கார்ந்து மற்றவர்களின் புரொப்போசல்களைப் படித்துத் திருத்தி அனுப்புவது சில ஆண்டுகளாக என் வேலை. ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். இவை இந்தியாவில், அதிலும் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு சூரிய ஆற்றல், காற்றாலை, மின்கலம், ஹைட்ரஜன், உயிரி எரிபொருள் என்று ஏதோ ஒன்றில் ஆய்வைத் தொடங்குபவர்களுக்கானவை. தொகையும் வயது வரம்பும் அவ்வப்போது திருத்தப்படுபவை. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் அறிவிப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் செல்லும்.

பசுமை ஆற்றலுக்கு என்று தனியாக ஒரு நிதி இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அது ஒரே பெட்டியில் இல்லை. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகத்திடம் ஆய்வு, தொழில்நுட்ப மேம்பாட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. 2021-26 காலத்துக்கு அதற்கு 228 கோடி ரூபாய். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ஒதுக்கினார்கள். அதைக் கேட்டதும் கண் விரியும். ஆனால் அதில் ஆய்வுக்கு என்று பிரித்தது 400 கோடிதான். பெரும்பகுதியான 17,490 கோடி, ஹைட்ரஜன் உற்பத்திக்கும் எலெக்ட்ரோலைசர் (மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் கருவி) தயாரிப்புக்கும் நிறுவனங்களுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகை.

ஆய்வு வாழ்க்கையைத் தொடங்கும் ஒருவருக்குப் பணம் வரும் வழிகள் பெரும்பாலும் பொதுவானவை: அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை (ஏ.என்.ஆர்.எஃப்.), அறிவியல் தொழில்நுட்பத் துறை (டி.எஸ்.டி.), அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் (சி.எஸ்.ஐ.ஆர்.). இவை 'ஆற்றல்' என்ற தலைப்பைப் பார்த்துக் கொடுப்பதில்லை. வேதியியல், இயற்பியல், பொறியியல் என்ற தலைப்பில்தான் கொடுக்கின்றன. அதனால் "பசுமை ஆற்றல் ஃபெல்லோஷிப்" என்று தேடினால் கைக்குக் கொஞ்சமே சிக்கும்.

அப்படியானால் எந்த வாசலில் நான் நிற்க வேண்டும்?

உங்கள் தலைப்பை விட உங்கள் தேதிகள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. பிறந்த தேதி, பி.எச்டி. பட்டம் கிடைத்த தேதி, நிரந்தரப் பணியில் சேர்ந்த தேதி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அதன்பிறகு திட்டங்களைப் பாருங்கள். நல்ல யோசனையோடு வந்து, வயது வரம்பு நான்கு மாதம் முன்பே கடந்துவிட்டது என்று தெரிந்து திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அறிவியல் குறைபாட்டால் தோற்றவர்களைவிட நாட்காட்டியால் தோற்றவர்கள் அதிகம் என்பது என் கணிப்பு.

எனக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) இல்லை, கேட் (பொறியியல் பட்டதாரித் தேர்வு) மட்டும் இருக்கிறது. பி.எச்டி.க்கு உதவித்தொகை கிடைக்குமா?

எனர்ஜி இன்ஜினியரிங் படித்தவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் இருப்பவை வேதியியல், இயற்பியல், உயிரியல், கணிதம், புவி அறிவியல் என்ற ஐந்து பிரிவுகள்தான். ஆற்றல் என்றும் இல்லை, பொறியியல் என்றும் இல்லை. எம்.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு மின்கலத்துக்கு வருபவருக்கு நெட் இயல்பான வழி. எம்.டெக். முடித்தவருக்குக் கேட்தான் வழி. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் அதை வைத்து நிறுவன உதவித்தொகை பெறலாம். ஒரு பேராசிரியரின் புராஜெக்டில் இளநிலை ஆய்வாளராக (ஜே.ஆர்.எஃப்.) சேரவும் கேட் பெரும்பாலும் செல்லும்.

2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், அடுத்த நிலையான முதுநிலை ஆய்வாளருக்கு (எஸ்.ஆர்.எஃப்.) 42,000. வீட்டு வாடகைப்படி தனி.

புராஜெக்ட் ஜே.ஆர்.எஃப்.பில் ஒரு சிக்கல் உண்டு. மூன்றாண்டுப் புராஜெக்ட் முடியும் நாளில் உங்கள் பி.எச்டி.யும் முடிந்திருக்காது, பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது. நடுவில் சேருபவருக்கு மீதமிருப்பது ஒன்றரை ஆண்டாகக்கூட இருக்கலாம். சேரும் முன் கைடிடம் "இந்தப் புராஜெக்ட் எந்த மாதம் முடிகிறது, அதற்குப் பிறகு என்ன?" என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, நல்ல கைடு கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிரதமர் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் (பி.எம்.ஆர்.எஃப்.) எனக்குப் பொருந்துமா?

ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி., ஐசர் போன்ற குறிப்பிட்ட நிறுவனங்களில் பி.எச்டி. செய்தால் பொருந்தலாம். முதல் இரண்டு ஆண்டு 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, அடுத்த இரண்டு ஆண்டு 80,000 என்று மாத உதவித்தொகை, கூடவே ஆண்டுக்கு 2 லட்சம் ஆய்வுச் செலவு என்ற அமைப்பில் தொடங்கிய திட்டம் அது. 2025 பட்ஜெட்டில் ஐந்தாண்டுகளில் 10,000 பேருக்கு என்று அறிவித்தார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்திலோ தனியார் கல்லூரியிலோ இருப்பவர் இதைப் பற்றி யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தமிழ்நாடு அரசு ஏதாவது தருகிறதா?

தருகிறது, தொகை சிறியது. ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தகுதித் தேர்வு வழியாக முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் சமூகங்களைச் சேர்ந்த முழுநேர பி.எச்டி. மாணவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் தரும் திட்டமும் உண்டு. இதையெல்லாம் துறை அலுவலகப் பலகையில் ஒட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். மாணவர்கள் கடைசி நாளில் வருமானச் சான்றிதழுக்கு ஓடுகிறார்கள்.

பி.எச்டி. முடிக்கப்போகிறேன். அடுத்து என்ன?

மூன்று வழிகள் முக்கியம்.

ஏ.என்.ஆர்.எஃப். தரும் தேசிய போஸ்ட் டாக்டரல் ஃபெல்லோஷிப் இரண்டு ஆண்டுக்கு. வயது வரம்பு பொதுவாக 35. பி.எச்டி. செய்த இடத்திலேயே, அதே கைடிடமே தொடர முடியாது. இந்த நிபந்தனையைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நல்லதாகவே படுகிறது. காரைக்குடியில் மின்முனைப் பொருள் செய்தவர் சென்னைக்கோ புனேக்கோ போய் முழு மின்கலத்தைக் கட்டிப் பார்த்தால்தான் தன் பொருளின் குறை தெரியும்.

இரண்டாவது, டி.எஸ்.டி.யின் இன்ஸ்பயர் ஃபேகல்டி. மாதம் 1,25,000 ரூபாய், ஆண்டுக்கு 7 லட்சம் ஆய்வு மானியம், ஐந்து ஆண்டு. பொதுப் பிரிவுக்கு வயது 27 முதல் 32 வரை. ஐந்து வருடத்தில் பி.எச்டி. முடித்துவிட்டு வெளிநாட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தால் 32 நெருங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ராமானுஜன் ஃபெல்லோஷிப். வெளிநாட்டில் இருந்து திரும்ப விரும்பும் இந்தியர்களுக்கானது. மாதம் 1,35,000, ஆண்டுக்கு 7 லட்சம் ஆய்வு மானியம், ஐந்து ஆண்டு. இங்கேயே இருப்பவருக்கு இது கிடையாது. அது நியாயமா என்ற வாதம் டீக்கடையில் ஓயாமல் நடக்கிறது.

இன்ஸ்பயர் கிடைத்தால் வேலை கிடைத்த மாதிரிதானே?

இல்லை. அது ஒப்பந்தம். உங்களை ஏற்கும் நிறுவனம் ஐந்தாம் ஆண்டு முடிவில் நிரந்தரப் பணி தர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பலருக்குக் கிடைத்திருக்கிறது, கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டிலேயே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணம் மாதாமாதம் முதல் தேதி வந்துவிடும் என்று நம்பி வீட்டுக் கடன் எடுக்காதீர்கள். 2024-25ல் டி.எஸ்.டி. தன் பழைய திட்டங்களை 'விஞ்ஞான் தாரா' என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவந்த காலத்தில் இன்ஸ்பயர் உதவித்தொகை பலருக்கு மாதக்கணக்கில் நின்றுபோனது செய்தித்தாள்களில் வந்தது. குறைந்தது ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்துக்கொள்வது என் அறிவுரை. உதவித்தொகை வாங்குபவரிடம் கையிருப்பு எங்கே இருக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

உதவிப் பேராசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். முதல் புராஜெக்ட் எங்கே கிடைக்கும்?

முன்பு எஸ்.இ.ஆர்.பி. என்ற வாரியம் தொடக்கநிலை ஆய்வு மானியம் ஒன்றைத் தந்தது. இரண்டு ஆண்டுக்கு 30 லட்சம். 2023ல் நிறைவேறிய சட்டத்தின்படி ஏ.என்.ஆர்.எஃப். வந்ததும் அந்த வாரியம் அதற்குள் கரைந்தது. இப்போது அந்த இடத்தில் இருப்பது பிரதமர் இளநிலை ஆய்வாளர் மானியம்: மூன்று ஆண்டுக்கு 60 லட்சம் வரை, நிறுவன மேல்செலவு தனி. வயது வரம்பு 42, பிரிவுகளுக்கு ஏற்பத் தளர்வு உண்டு. நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறைதான் பெறலாம்.

அந்த 'ஒருமுறை' என்ற சொல்லால் சிலர் பயந்து, "இன்னும் நன்றாகத் தயாராகி அடுத்த ஆண்டு போடுகிறேன்" என்று தள்ளுகிறார்கள். தள்ளாதீர்கள். ஒருமுறைதான் *பெறலாம்* என்பதற்கும் ஒருமுறைதான் விண்ணப்பிக்கலாம் என்பதற்கும் வேறுபாடு இருக்கிறது.

தனியார் பொறியியல் கல்லூரியில் இருக்கிறேன். எங்களுக்கெல்லாம் கொடுப்பார்களா?

விதிப்படி தடை இல்லை. யு.ஜி.சி. அல்லது ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம், மத்திய அரசின் தர்பண் தளத்தில் நிறுவனப் பதிவு, அரசுப் பணம் வருவதற்கான பி.எஃப்.எம்.எஸ். கணக்கு ஆகியவை சரியாக இருக்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று காலாவதி ஆகிவிட்டதை அறிவிப்பு முடிய மூன்று நாள் இருக்கும்போது கண்டுபிடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். புரொப்போசல் எழுதத் தொடங்கும் முன் முதலில் அலுவலகக் கணக்காளரைப் போய்ப் பாருங்கள்.

'நிரந்தரப் பணி' என்ற சொல்தான் உண்மையான இடைஞ்சல். நியமன ஆணையில் 'தொகுப்பூதியம்', 'ஓராண்டுக்கு' என்று எழுதியிருந்தால் மானியம் தருபவர்கள் தயங்குவார்கள். முதல்வரிடம் பேசி ஒப்புதல் கடிதத்தில் உங்கள் பணிநிலையைத் தெளிவாக எழுத வையுங்கள். அங்கே உண்மையை மீறி எழுத வைப்பது பிறகு உங்கள் தலைமேல்தான் விழும்.

ஹைட்ரஜன் இயக்கத்திலும் ஆற்றல் அமைச்சகத்திலும் புதியவர் தனியாக விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம், ஆனால் தனியாக வெல்வது கடினம். அமைச்சகத்தின் ஆய்வுத் திட்டம் அரசு நிறுவனங்களுக்கும் லாப நோக்கற்ற நிறுவனங்களுக்கும் 100 சதவீதம் வரை கொடுக்கிறது. தொழில் நிறுவனங்களுக்கு 50 முதல் 70 சதவீதம். அவர்கள் தேடுவது கட்டுரை அல்ல, கள முயற்சிக்குப் போகக்கூடிய பொருள். அனுபவமுள்ள ஒரு குழுவில் இணை ஆய்வாளராகச் சேருங்கள். முதல் மூன்று வருடம் அதுவே போதும்.

மின்வாகனப் பக்கம் உள்ளவர்கள் ஏ.என்.ஆர்.எஃப்.பின் மஹா-இ.வி. இயக்கத்தைக் கவனியுங்கள். வெப்பமண்டலத்துக்கு ஏற்ற மின்கலம், பவர் எலெக்ட்ரானிக்ஸும் மோட்டாரும், சார்ஜிங் கட்டமைப்பு என மூன்று பிரிவுகள். முதல் பிரிவு நமக்காகவே எழுதியது போல இருக்கிறது. குளிர்நாட்டில் 25 டிகிரியில் சோதித்த மின்கலம் மே மாத வேலூரில் வெயிலில் நிற்கும் ஸ்கூட்டருக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நம்மைவிட யார் நன்றாக அளக்க முடியும்?

ஒரே யோசனையை எந்தக் குழுவுக்கு அனுப்புவது?

பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். சோடியம் அயனி மின்கலத்துக்குப் புதிய நேர்முனை என்று வைத்துக்கொள்வோம். வேதியியல் குழுவுக்குப் போனால் "இதன் படிக அமைப்பில் புதிதாக என்ன நடக்கிறது, ஏன்?" என்று கேட்பார்கள். பொருளறிவியல், பொறியியல் குழுவுக்குப் போனால் "எத்தனை சுழற்சி தாங்கும், எடைக்கு எவ்வளவு, மூலப்பொருள் உள்நாட்டில் கிடைக்குமா?" என்பார்கள். மின் பொறியியல் குழுவுக்கு அதே பொருள் ஒரு பெட்டிதான். அது கட்டுப்பாட்டு மின்சுற்றோடு எப்படிப் பேசும் என்பதுதான் அங்கே கேள்வி. ஒரே புரொப்போசலைத் தலைப்பு மட்டும் மாற்றி மூன்று இடத்துக்கும் அனுப்பினால் மூன்றும் திரும்பி வரும். விதிமீறல் என்ற பெயரும் சேர்ந்துவரும்.

உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தின் வினைச்சொல் 'ஏன் நிகழ்கிறது' என்றால் அறிவியல் குழு. 'எப்படிச் செய்வது' என்றால் பொறியியல் குழு. இரண்டும் சேர்ந்து வந்தால் வாக்கியம் இன்னும் தெளியவில்லை.

பதினைந்து பக்க முன்னுரையில் உலக வெப்பமயமாதலைப் பற்றி எழுதாதீர்கள். மதிப்பீட்டாளர் அதை அன்று காலையிலிருந்து பத்து முறை படித்திருப்பார்.

பட்ஜெட்டில் எங்கே சறுக்குகிறார்கள்?

கருவி, ஆள், நுகர்பொருள், பயணம், இதர செலவு என்று தலைப்புகள் இருக்கும். கருவிக்கு ஒதுக்கியதை ஆள் சம்பளத்துக்கு மாற்றுவதற்கு முன்அனுமதி வேண்டும். இதை அறிந்தே எழுதுங்கள்.

சறுக்கல் பெரும்பாலும் வரியில்தான். ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு முன்பு 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அது இல்லை, 18 சதவீதம் ஆனது. மின்வேதி அளவீட்டுக் கருவி ஒன்றுக்கு நானே பழைய கொட்டேஷனை வைத்துக் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறேன். 10 லட்சத்துக்கு 50,000 வரி என்று நினைத்த இடத்தில் 1,80,000 நின்றது. மீதியை நுகர்பொருளில் பிடித்தோம், அதாவது ஓராண்டு கரைப்பான் வாங்காமல் ஓட்டினோம். மாணவர்கள் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். ஆகவே கொட்டேஷன் புதிதாக வாங்குங்கள். வரி சேர்த்த தொகையா என்று பாருங்கள். இறக்குமதி என்றால் ரூபாய் சரிவுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை மறக்காதீர்கள்.

கொள்முதலும் ஒரு நோன்பு போலத்தான் இருந்தது. 2025 ஜூனில் மத்திய அரசு அறிவியல் நிறுவனங்களுக்கு விதியைத் தளர்த்தியது. கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமானது. கொள்முதல் குழு வழியாக வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமானது. உங்கள் கல்லூரிக்கு அது பொருந்துமா என்பதை நிதிப்பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அனுமானிக்க வேண்டாம்.

எங்கள் ஆய்வகத்தில் ஒன்றுமே இல்லை. கருவி இல்லாமல் எப்படிப் புரொப்போசல் எழுதுவது?

எல்லாவற்றையும் வாங்கக் கேட்பதைவிட, எது உங்களிடம் கட்டாயம் இருக்க வேண்டும், எதைப் போய் அளந்துவரலாம் என்று பிரியுங்கள். மின்கல ஆய்வில் சார்ஜ்-டிஸ்சார்ஜ் சோதனைக் கருவி இரவும் பகலும் ஓட வேண்டியது, அது உங்களிடமே இருக்கட்டும். எலெக்ட்ரான் நுண்ணோக்கி மாதம் இரண்டு முறை போதும். ஐ-ஸ்டெம் தளத்தில் நாடு முழுக்க உள்ள கருவிகளைத் தேடி முன்பதிவு செய்யலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் சைஃப் என்ற பகுப்பாய்வு மையம் இருக்கிறது. காற்று, சூரியக் கதிர் அளவீடு தேவைப்படுவோருக்குப் பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது, அதன் காற்றாலைச் சோதனை நிலையம் கயத்தாறில். மின்வேதியியல் என்றால் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், செக்ரி. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்த ஆய்வகம் அது. 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார். அன்றைய தனியார் கொடையில் நிற்கும் அந்த அரசு ஆய்வகத்துக்கு அருகிலேயே இருந்தும் ஒருமுறைகூடப் போகாத ஆசிரியர்கள் இருப்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

அங்கே ஒரு விஞ்ஞானியுடன் பேசி ஒத்துழைப்புக் கடிதம் வாங்கி இணைத்தால் "கருவி இல்லை" என்ற மறுப்பு பாதியாகக் குறைகிறது.

திருமணம், குழந்தை என்று நான்கு வருடம் போய்விட்டது. திரும்ப வழி இருக்கிறதா?

பெண்களுக்கான டி.எஸ்.டி.யின் வைஸ்-கிரண் திட்டத்தைப் பாருங்கள். அதில் பி.எச்டி.க்கு ஒன்று, அதற்குப் பிந்தைய ஆய்வுக்கு ஒன்று இருக்கின்றன. மற்றத் திட்டங்களிலும் பெண்களுக்கு வயதுத் தளர்வு உண்டு. இடைவெளியை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

என் யோசனையை ஸ்டார்ட்அப்பாக மாற்ற நினைக்கிறேன். அந்த 1 லட்சம் கோடி நிதியில் கேட்கலாமா?

2025ல் ஒப்புதல் பெற்ற அந்த ஆராய்ச்சி, மேம்பாட்டு, புதுமை நிதி தனியார் துறைக்கானது. ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பத்துக்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடனாகவும் முதலீடாகவும் வருவது. ஆய்வகக் குடுவையில் இருக்கும் யோசனைக்கு அது வராது. முதல் மாதிரி செய்ய டி.எஸ்.டி.யின் நிதி-பிரயாஸ் வழியாக 10 லட்சம் வரை கிடைக்கும். கையில் நிறுவனம் இருந்தால் தமிழ்நாட்டின் தொடக்க நிதித் திட்டமான டான்சீடைப் பாருங்கள்.

நிராகரித்துவிட்டார்கள். என்ன செய்வது?

மதிப்பீட்டாளர் குறிப்பு வந்தால் அதை அன்றே படிக்காதீர்கள், கோபம்தான் வரும். ஒரு வாரம் கழித்துப் படியுங்கள். "புதுமை போதாது" என்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் முதல் பக்கத்தில் உங்கள் கேள்வி தெரியவில்லை என்று பொருள். "சாத்தியமில்லை" என்று இருந்தால் முன்னோட்டத் தரவு கேட்கிறார்கள். கல்லூரி தரும் சிறு தொகையில் ஆறு மாதம் அதைச் செய்துவிட்டு மறுபடி போடுங்கள்.

பணம் வந்துவிட்டது. இனி பயமில்லைதானே?

இனிமேல்தான் கணக்கு. ஒவ்வொரு நிதியாண்டுக்கும் பயன்பாட்டுச் சான்றிதழ், எல்லோரும் யு.சி. என்று சொல்வது, கொடுக்க வேண்டும். அது போகாமல் அடுத்த தவணை வராது. மானியப் பணம் வங்கியில் கிடந்து வட்டி ஈட்டினால் அந்த வட்டியும் அரசுடையது, திருப்பிச் செலுத்த வேண்டும். மார்ச் 31க்குள் செலவாகாத தொகை சில ஏற்பாடுகளில் கையைவிட்டே போய்விடும். பிப்ரவரியில் அவசரமாக ஆர்டர் கொடுத்து, ஏப்ரலில் வந்திறங்கிய பெட்டிக்கு யார் பணம் கொடுப்பது என்று நிற்பவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கலாம். அக்டோபருக்குள் கருவி ஆர்டர் போயிருக்க வேண்டும்.

நான் வேறு கல்லூரிக்கு மாறினால் கருவியை எடுத்துப்போகலாமா?

உங்கள் பெயரில் வந்தாலும் அது உங்களுடையது அல்ல. மானியம் நிறுவனத்தின் பெயரில் வருகிறது. அந்தப் பணத்தில் வாங்கிய கருவியை மானியம் தந்த அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் விற்கவோ மாற்றவோ முடியாது. இரண்டு நிறுவனங்களும் ஆட்சேபனையில்லாக் கடிதம் கொடுத்து, அமைப்பும் சம்மதித்தால் புராஜெக்ட் உங்களோடு நகரலாம். பழைய நிறுவனம் பணத்தை விட்டுக்கொடுக்கும், கருவியை விட்டுக்கொடுக்கப் பெரும்பாலும் மனம் வராது. ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே அந்தப் பேச்சை முடித்துவிடுங்கள்.